பெடல் இருந்தால் சைக்கிள்தானே?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், காவேரிப் பாலத்தின் முனையில் என்னைப் போலீஸ் பிடித்தது.

பதறாதீர்கள். திருட்டு, புரட்டு ஒன்றும் இல்லை. சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன்... அல்லது மோட்டாரில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டில் எது என்பதுதான் கேஸே!

சில வாரங்களாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஆளைக் காணோமே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்த வாசகர்களுக்கு என் வணக்கம். உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில்தான் ஒரு பெரிய மாறுதல். அதற்குக் காரணம், கைக்குழந்தை அளவுள்ள ஒரு குட்டி இன்ஜின்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை வந்திருக்கிறதல்லவா? அதன் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தது. வீடோ ஸ்ரீரங்கத்தில். டவுனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். முதல் பஸ்ஸில் ஏறியவனுக்கு இரண்டாவது பஸ்ஸிலும் இடம் கிடைத்தால், அவன் போன ஜன்மத்தில் ஏதோ நல்ல காரியம் செய்திருக்கிறான் என்று அர்த்தம். நான் செய்யவில்லை போலிருக்கிறது.

தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே, கைலாசபுரத்தில் குவார்ட்டர்ஸ் தருகிறோம் என்றார்கள். இரண்டு ரூம், ஒரு சமையலறை, திறந்தால் தண்ணீர் வருகிற குழாய், பின்பக்கம் நாலு கத்திரிச் செடி வைக்க இடம். "வரீங்களா, இல்லையா? உங்களுக்குப் பின்னாடி வரிசையில ஆள் நிக்கிறாங்க. திங்கட்கிழமை சொல்லிடுங்க" என்றார் மேலதிகாரி.

வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். யாருக்காக? கமலத்துக்காக.

கமலம் என் மனைவி. வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சந்நிதிக்குப் போகிறவள். காவேரித் தண்ணீரில் வேகாத பருப்பைப் பருப்பு என்றே ஒத்துக்கொள்ளாதவள். அவளைக் கொண்டுபோய்ப் பொட்டல் வெளியில், புதுச் சிமெண்டு வாசனைக்கு நடுவில் குடிவைப்பதா? பாவம் இல்லையா?

'ஐயா, அவளைக் கேட்டீரா?' என்பீர்கள்.

எங்கே வைத்துக் கேட்பது? அதைச் சொல்லுங்கள்.

எங்கள் வீடு கூட்டுக் குடும்பம். அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், எங்கள் பையன், நாங்கள். அண்ணனுக்கு வாழைத் தோப்பும் மண்டியும் உண்டு. அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததில்லை. வீட்டில் நாலு பேர் எதிரில் கமலம் என்னோடு நேராகப் பேசியதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. யாரும் சட்டம் போடவில்லை. சட்டம் போட்டிருந்தால் மீறியிருப்போமோ என்னவோ.

எல்லாம் அண்ணி மூலமாகத்தான். "அக்கா, மோர் ஊத்தட்டுமான்னு கேளுங்க" என்பாள் கமலம், மூன்றடி தூரத்தில் என் இலையைப் பார்த்துக்கொண்டே. "தம்பி, மோர் வேணுமாங்க?" என்பார் அண்ணி. "கொஞ்சம் போதும் அண்ணி" என்பேன் நான். "கொஞ்சம் போதுமாம் கமலம்" என்று செய்தி திரும்பிப் போகும். ஒரு கரண்டி மோருக்கு இவ்வளவு போக்குவரத்து!

ராத்திரி? ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே. 'அப்படியானால் உமக்குப் பையன் எப்படி...' என்று குறும்பாகச் சிரிக்கும் வாசகரே, மாடியில் ஓர் அறை இருந்தது. இருந்தது என்றுதான் சொல்கிறேன். மண்டியில் இடம் போதவில்லை என்று இரண்டு வருஷமாக அதில் அண்ணன் வாழைத்தார் அடுக்கி, பானையில் புகைபோட்டுக் கதவைச் சாத்திவைத்திருக்கிறார். எங்கள் அறையில் இப்போது பூவன்பழம் பழுக்கிறது.

ஆக, கமலத்தை நான் கேட்கவில்லை. அவளுக்காக நானே யோசித்து, நானே தீர்மானித்து, நானே ஓர் இன்ஜினையும் வாங்கிவிட்டேன்.

கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். மதராஸிலிருந்து செகண்ட் ஹாண்டில் வந்தது என்று அதை எடுத்து வைத்தார். சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மேல் உட்காரும். அதிலிருக்கும் ஓர் உருளை டயரை உரசிக்கொண்டே சுழலும். சக்கரம் தானாக ஓடும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம்.

"இதுக்கு லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்ன சார் நீங்க? பெடல் இருக்குல்ல? பெடல் இருந்தா சைக்கிள்தான். இன்ஜின் சும்மா கூட வர்ற ஆளு."

ஆபீஸ் நண்பரைக் கேட்டேன். "இன்ஜின் இத்தனூண்டுதானே? இதையெல்லாம் கவர்மெண்ட் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க" என்றார். அண்ணன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தீர்ப்பே சொல்லிவிட்டார். "நம்பர் பிளேட் இல்ல. அப்போ இது மோட்டார் இல்ல. மோட்டார்னா நம்பர் இருக்குமே?"

எத்தனை அருமையான வாதம்! லைசென்ஸ் இல்லாததால் லைசென்ஸ் தேவையில்லை. நானும் தலையாட்டினேன்.

இருந்தாலும் உள்ளூர ஒரு பயம். அதற்கும் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். இன்ஜின் ஓடும்போதும் பெடலைச் சுற்றிக்கொண்டே போவது! சட்டம் பார்த்தால் என் காலைப் பார்க்கும், கால் மிதிக்கிறது, ஆகவே இது சைக்கிள். முக்கொம்பு ரோட்டில் வெள்ளோட்டம் விட்டபோது, வயலில் நின்றவர்கள் எல்லாம் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தார்கள். இன்ஜின் ஒரு வேகத்தில் போகிறது, கால் வேறொரு வேகத்தில் வெறுமனே சுற்றுகிறது. பார்க்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வண்டியை வீட்டில் நிறுத்தியதும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே குவார்ட்டர்ஸ் என்னத்துக்கு? பேசாம இங்கேயிருந்தே போயிட்டு வா தம்பி" என்றார். எனக்கும் நிம்மதி. கமலம் கதவோரம் நின்று அந்த இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள், "அக்கா, இது அடிக்கடி ரிப்பேர் ஆகுமான்னு கேளுங்க."

"ஆகவே ஆகாது" என்றேன் பெருமையாக. அவள் முகம் வாடியதை நான் கவனித்தேன். என் மேல் எவ்வளவு கவலை பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன்!

அடுத்த ஞாயிறு, உறையூரில் கமலத்தின் சித்தி வீட்டில் ஒரு வளைகாப்பு. பையனை அண்ணியிடம் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் இன்ஜின் சைக்கிளில் போய்விட்டுத் திரும்பினோம். கேரியரில் கமலம், மடியில் வளையலும் வெற்றிலைப்பாக்கும். இன்ஜின் சத்தத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. முன்னால் நான், கடமை தவறாமல் காலைச் சுற்றிக்கொண்டு. சிந்தாமணி தாண்டிப் பாலத்தில் ஏறப்போகும் இடத்தில் விசில்.

ஏட்டையா நல்ல உயரம். கோபக்காரராகத் தெரியவில்லை, குழம்பிப்போனவராகத் தெரிந்தார்.

"என்ன சார் வண்டி இது?"

"சைக்கிள்" என்றேன். பெல்லை அடித்துக் காட்டினேன். சைக்கிள் வரி கட்டி முனிசிபாலிட்டியில் வாங்கிய தகர வில்லையைக் காட்டினேன். பெடலைச் சுற்றிக் காட்டினேன்.

"சைக்கிளா? சரி, சைக்கிள்னா டபிள்ஸ் வந்தது தப்பு. அம்மா, கீழ இறங்குங்க."

கமலம் இறங்கினாள். நான் குறுக்கே புகுந்தேன். "ஏட்டையா, இன்ஜின்தானே இழுக்குது? ரெண்டு பேர் வந்தா என்ன?"

"அப்போ மோட்டாருங்கறீங்க. மோட்டார்னா பின்னாடி ஆள் உக்காரலாம், அது தப்பில்ல. ஆனா நம்பர் எங்க? உங்க லைசென்ஸ் எங்க?"

"இல்லை இல்லை, சைக்கிள்தான்!"

"அப்போ டபிள்ஸ் கேஸ்."

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. நம்மூரில் கூட்டம் சேர என்ன வேண்டும்? ஒருவர் சைக்கிள் என்றார். ஒருவர் பெட்ரோல் வாசனையைக் காட்டி மோட்டார் என்றார். மாம்பழச்சாலைக்குப் போகிற பஸ் நின்று, ஜன்னல் வழியாக நாலைந்து தலைகள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போயின.

கடைசியில் ஏட்டையா தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சார், நீங்களே சொல்லுங்க. சைக்கிள்னா அபராதம் கட்டிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. மோட்டார்னா ரிஜிஸ்டர் பண்ணி, லைசென்ஸ் எடுக்கற வரைக்கும் இன்ஜினைத் தொடக் கூடாது. எது?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அபராதத்தோடு போகட்டும், இன்ஜின் பிழைத்தால் போதும். "சைக்கிள்" என்று மறுபடி வாயைத் திறந்தேன். ஏட்டையா என்னைக் கையமர்த்திவிட்டுக் கமலத்தின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க பின்னாடி உக்காந்து வந்தீங்க. நீங்க சொல்லுங்க. இவர் மிதிச்சு வந்ததா, இன்ஜின்ல வந்ததா?"

கமலம் பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெளி ஆண்கள் எதிரில் பேசிப் பழக்கம் இல்லாதவள். புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு தெளிவாகச் சொன்னாள்:

"இன்ஜின்லதாங்க வந்தோம். காலை அவரு சும்மா சுத்துவாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் நிறுத்தவில்லை!

"இது மோட்டார்தாங்க ஐயா. சட்டத்துல என்ன சொல்லியிருக்கோ அதும்படி செஞ்சிடுங்க."

ஏட்டையா தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "வீட்டுக்காரரைக் காப்பாத்தற சாட்சி நெறையப் பாத்திருக்கேன். இப்படி மாட்டிவிடற சாட்சியை இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, கேஸ் எழுதவில்லை. குனிந்து பெட்ரோல் குழாயைத் தானே மூடினார். "தள்ளிக்கிட்டே வீட்டுக்குப் போங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. இன்ஜின் சத்தம் கேட்டுச்சோ, அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க. டபிள்ஸும் ஏறக் கூடாது."

பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சைக்கிள் எனக்கும் அவளுக்கும் நடுவில். எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். கீழே காவேரி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பாலத்தில், "என்னங்க" என்றாள்.

நேராக. என்னைப் பார்த்து. நடுவில் அண்ணி இல்லாமல். என் கோபம் அங்கேயே பாதி போய்விட்டது என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

"எனக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் வேணுங்க."

"என்னது?"

"நாளைக்குத் திங்கட்கிழமை. வேண்டாம்னு சொல்லிடப் போறீங்க. இந்த இன்ஜின் ஓடினா நாம போகவே மாட்டோம். ரிப்பேராவது ஆகும்னு பார்த்தேன். ஆகவே ஆகாதுன்னீங்க."

"நீ கோயிலை விட்டுட்டு வரமாட்டேன்னு நெனச்சுல்ல நான்..."

"நீங்க அண்ணனை விட்டுட்டு வரமாட்டீங்கன்னு நான் நெனச்சேன். பெருமாள் எங்கே போயிடப் போறாரு? வெள்ளிக்கிழமை பஸ்ல வந்துக்கறேன்."

"அண்ணி ஏதாவது..."

"ஐயோ, அக்காவைச் சொல்லாதீங்க. தங்கம் அவங்க. எதுன்னாலும் அக்காகிட்டச் சொல்லி உங்களுக்கு அனுப்பிடுவேன். ஆனா, 'அக்கா, நான் இந்த வீட்டை விட்டுப் போகணும்னு அவருகிட்டச் சொல்லுங்க'ன்னு அக்காகிட்டயே எப்படிங்க சொல்றது?"

நான் நின்றுவிட்டேன். இத்தனை நாளும் எங்களுக்கு இருந்த ஒரே தபால்காரர் அண்ணிதான். அவரிடம் கொடுக்கவே முடியாத ஒரு செய்தியை வைத்துக்கொண்டு இவள் தவித்திருக்கிறாள்.

"அங்கே என்ன இருக்குன்னு போகணுங்கற, கமலம்?"

அவள் ஹாண்டில் பாரைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணும் பெருசா இல்லீங்க. சமையல் ஆனதும், 'சாப்பிட வாங்க'ன்னு உங்களை நானே கூப்பிடணும். அவ்வளவுதான்."

வாசகர்களே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாலம் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது. மீதித் தூரத்தை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தோம்.

வீடு வந்ததும் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கமலம் சொன்னதை அல்ல, போலீஸ் சொன்னதை. "லைசென்ஸ் இல்லாம ஓட்டக் கூடாதாம் அண்ணே."

அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "அவ்வளவுதானே? லைசென்ஸ் எடுத்துட்டாப் போச்சு! நாளைக்கே ரிஜிஸ்டர் பண்ணி நம்பர் போட்டுடுவோம். மண்டிக்கு வர்ற லாரிக்காரங்களைக் கேட்டா எல்லாம் சொல்லுவாங்க. நீ ஏண்டா முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற?"

நல்ல மனுஷர். என் மேல் உயிர். அந்த நல்ல மனசுதான் அப்போது எனக்குக் குறுக்கே நின்றது. 'இல்லை அண்ணே' என்று சொல்ல வாய் வரவில்லை. இவ்வளவு வளர்த்தவரிடம் தனியாகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? கதவுக்குப் பின்னால் கமலத்தின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது.

அப்போது அண்ணி வெளியே வந்தார். எப்போதும் செய்தி கொண்டுவருகிற அதே குரலில் சொன்னார்.

"ஏங்க, இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கலாம். அதுங்க ரெண்டும் பேசிக்கறதுக்கு இடம் எங்கேருந்து வாங்குவீங்க? மாடி ரூமை வாழைத்தாருக்குக் குடுத்துட்டீங்க."

அண்ணன் திகைத்துப்போய், "யார் என்ன சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல. உப்பு, புளி, மோரு எல்லாம் என்கிட்டச் சொல்லித்தான் அனுப்புவா கமலம். குவார்ட்டர்ஸ் பேச்சு வந்ததுலேருந்து அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பல. வேண்டாம்னு இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பா. தம்பி, போயிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வர்றப்ப வீட்டுல சாப்பிடாமப் போனீங்க, அப்புறம் இருக்கு."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். கடைசியில், "அங்க வாழையிலை கிடைக்குமோ என்னமோ. வாராவாரம் ஒரு கட்டு அனுப்பறேன்" என்றார். அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் நான் முகம் கழுவப் போனேன்.

மறுநாள் ஆபீஸில் சம்மதம் சொன்னேன். சாயங்காலம் ஸ்டேஷனுக்கும் போனேன். ஏட்டையா பெரிய அதிகாரிகளைக் கேட்டுத் தெளிந்திருந்தார். யந்திரத்தின் பலத்தால் ரோட்டில் ஓடினால் அது மோட்டார் வண்டிதானாம். ரிஜிஸ்டர் செய்ய வேண்டும், நம்பர் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், வரி கட்ட வேண்டும், இன்ஷூரன்ஸும் வேண்டும். பெடல் இருக்கிறதா, கால் ஆடுகிறதா என்றெல்லாம் சட்டம் பார்ப்பதில்லையாம். கடைக்காரர், நண்பர், அண்ணன், நான் – நாலு பேரும் அவுட். கமலம் சொன்னதுதான் சரி. இன்ஜின் வாங்கி மாட்டியிருக்கும் வாசகர்கள் எதற்கும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அம்மாளையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்ஜினைக் கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன். சைக்கிள் மறுபடி சைக்கிளாகிவிட்டது. இப்போது மிதித்தால்தான் போகிறது. இங்கிருந்து ஆபீஸ் பக்கம்தான், மிதிக்கலாம்.

இங்கிருந்து என்றால், கைலாசபுரத்திலிருந்து. இதை எழுதுவது புது வீட்டின் முன்ரூமில் உட்கார்ந்து.

குடிவந்த அன்று சாயங்காலம் நான் இதே இடத்தில்தான் இருந்தேன். உள்ளே தாளிக்கிற வாசனை வந்தது. பாத்திரம் இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கமலத்தின் குரல்.

"அக்கா, சாப்பிட வரச் சொல்லுங்க."

பழக்கம். வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை. எத்தனையோ நாளாக ஆசைப்பட்டது அவள். அவளே கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அண்ணியை நினைத்து அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு.

"என்னங்க, சாப்பிட வாங்க."

போனேன். எதிரிலேயே உட்கார்ந்து பரிமாறினாள். குழம்பில் சுத்தமாக உப்பில்லை. என்ன செய்வது, சொல்லி அனுப்பத்தான் ஆள் இல்லையே!